துணி போர்த்தும் முன்

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் ஒரு கத்தி. கத்தி யார்மேலும் படவில்லை. ஒரு பழைய விமானத்தின் இடது இறக்கைமேல் பட்டது. அந்த இறக்கையின் துணியை எப்படியும் கிழித்து எடுக்கத்தான் இருந்தார்கள். எப்படிக் கிழிப்பது என்பதில்தான் தகராறு.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஒருத்தி. மச்சானுக்குத் தங்கை, மாப்பிள்ளைக்கு மனைவி. லாரிகளுக்குத் தார்ப்பாய், கடைகளுக்கு வெயில் மறைப்பு, படகுகளுக்கு மூடி என்று எது கேட்டாலும் தைத்துக் கொடுப்பாள். தெருவில் அவளுக்குத் தார்ப்பாய் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, சொன்னதில்லை.

அவள் வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அதற்குப் பொருத்தமாகப் பல்வரிசை கட்டி அனுப்புவார். வழியில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். தன் வேலையா, வேறு ஆள் வேலையா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், எந்த நேரத்தில் எவன் எங்கே மாட்டிக்கொள்வான் என்று தெரியாது, இதில் குடும்பம் வேறா என்பார். தங்கை வீட்டு மாடி அறையில்தான் குடியிருப்பு. சாப்பாடு கீழே.

விமானத்தைக் கொண்டுவந்தது அண்ணன்தான். இடிக்கப்போகிற ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்டைக் கழற்றப் போயிருந்தார். கூரையிலிருந்து கயிற்றில் இரண்டு இறக்கைகள் தொங்கின. கீழே மூட்டைகளுக்கு நடுவில் உடம்பு கிடந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய, ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சின்ன விமானம். கிடங்கின் சொந்தக்காரருக்கு அது அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ, எனக்கு இடம் காலியானால் போதும் என்றுவிட்டார். உடம்பும் இன்ஜினும் பறக்கும் கிளப்பின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. இறக்கைகளை வைக்க நீளமான இடம் வேண்டும். ஊரில் அண்ணனுக்குத் தெரிந்த நீளமான இடம் தங்கையின் தையல் கூடம் ஒன்றுதான்.

இதெல்லாம் ஒரு மதியச் சாப்பாட்டில் முடிவானது. மச்சானும் மாப்பிள்ளையும் தட்டை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பங்கு என்ன என்பது இரண்டாம் முறை சோறு போடும்போதுதான் தெரிந்தது. மரச்சட்டங்களைச் சுத்தம் செய்து, உளுத்ததை மாற்றி, வார்னிஷ் அடித்து இறக்கைகளைத் தயார் செய்வது அவர்கள் வேலை. அதன்மேல் புதுத்துணி போர்த்தித் தைப்பது அவள் வேலை. எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். இரண்டு பேரும் கையை விரித்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு அளவு காட்டினார்கள்.

முதல் நாளே கத்தி வந்துவிட்டது. பழைய துணியைத் தையல் தையலாகப் பிரித்து முழுசாக உரிக்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். துணி விறைத்துப்போய், தட்டினால் தகரம் மாதிரி சத்தம் போட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வலது இறக்கையில் முதல் தையலைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் இடது இறக்கைக்குப் போய், அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகக் கத்தியால் கீறிவிட்டார். கைதேர்ந்த கீறல்தான். உள்ளே ஒரு சட்டத்திலும் படவில்லை.

"தையல் எங்கெங்க ஓடியிருக்குன்னு பார்க்காம இப்படியா கிழிக்கிறது மாப்ள? நாளைக்கு அவ எதைப் பார்த்துத் தைப்பா?"

"கிழிக்கப்போற துணிதானே மச்சான். அதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?"

"அவசரக்குடுக்கை கையில கத்தியைக் கொடுத்தது என் தப்பு."

வீட்டுக்காரர் கத்தியை மடக்கினார். "நீங்க நிதானமா பழுது பார்த்த லிஃப்ட்லதான் மச்சான், நான் ஒரு கல்யாணம் முழுக்க நின்னேன்."

கூடத்தில் தையல் மெஷின் நின்றது. நிறுத்தியது அவள்தான். வருஷக்கணக்காகக் குடும்பத்தில் யாரும் எடுக்காத பேச்சு அது. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பரிசுக்கு வாங்கிய சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்காரர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அந்த லிஃப்டை அதற்கு முந்தின வாரம்தான் பார்த்துக் கொடுத்திருந்தார் அண்ணன். கதவு திறந்தபோது பந்தி முடிந்து இலையெல்லாம் எடுத்திருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் பெருந்தன்மையாக, பரவாயில்லை மச்சான், உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டேன் என்றார். அந்தப் பெருந்தன்மையை இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அதோடு சரி. இடது இறக்கை வீட்டுக்காரருடையது, வலது இறக்கை அண்ணனுடையது என்று ஆகிவிட்டது. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார்கள். அன்று மதியம் அண்ணன் சாப்பிட வந்தார். சண்டை சண்டையாக இருந்தது, சாப்பாடு சாப்பாடாக இருந்தது. ஆனால் 'மாப்ள' போய் 'உன் வீட்டுக்காரர்' வந்தது. 'மச்சான்' போய் 'உங்க அண்ணன்' வந்தது. அதே மேசையில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, உன் வீட்டுக்காரருக்குத் தண்ணி வேணுமா கேளு என்றார் அண்ணன். அவள் கேட்டாள். வேண்டாம் என்றார் அவர். வேண்டாமாம் என்றாள். எல்லோர் காதிலும் எல்லாம் இரண்டு தடவை விழுந்தது.

கூடத்தின் நடுவில் அவள் வெட்டும் மேசை. ஒரு பக்கம் ஸ்டாண்டுகள்மேல் இடது இறக்கை, மறுபக்கம் வலது. துணியை உரித்த பிறகு பார்த்தால் இறக்கை என்பது பெரிய மீனைத் தின்றுவிட்டு வைத்த மாதிரி இருந்தது. நீளத்துக்கு இரண்டு கனத்த கட்டைகள், அவற்றின்மேல் வரிசையாக விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள், இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். இடது இறக்கைக்குள் எலிகள் பல தலைமுறை குடியிருந்திருந்தன. பஞ்சு, சாக்கு நார், யாருடைய சட்டையிலிருந்தோ ஒரு பாக்கெட், எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் கட்டிய கூடுகள். எலி மூத்திரம் பட்ட இடத்தில் கம்பி துருப்பிடித்து, மரத்தில் ஒட்டிய பசை விட்டிருந்தது. வலது இறக்கையில் எலி ஏறவில்லை. குளவிகள் மண்கூடு கட்டியிருந்தன. ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் சட்டி சட்டியாக.

எலியைவிடக் குளவி கஷ்டம் என்று அண்ணன் அவளிடம் சொன்னார். குளவி மண்ணைத் தட்டினால் விழுந்துவிடும், எலி செய்த நாசம் உள்ளே இருக்கும் என்று வீட்டுக்காரர் அவளிடம் சொன்னார். இரண்டையும் அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியது ஏற்கெனவே நிறைய இருந்தது.

"உப்புத்தாளைத் திருப்பித் தரச் சொல்லு உங்க அண்ணனை. பொறந்த வீட்டுச் சொத்துன்னு நினைச்சுக்கிட்டாரா?" என்பார் வீட்டுக்காரர். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், "அண்ணே, உங்க வேலை முடிஞ்சதும் உப்புத்தாள் வேணுமாம்" என்பாள். "முடிஞ்சுதான் கிடக்கு. கண்ணு தெரியலைன்னா வந்து எடுத்துக்கச் சொல்லு" என்பார் அண்ணன். அவள் தாளோடு திரும்பி வந்து, "இந்தாங்க, எடுத்துக்கச் சொன்னார்" என்பாள். முள்ளையெல்லாம் தன் கையிலேயே எடுத்துவைத்துக்கொண்டு சதையை மட்டும் பரிமாறினாள்.

போகப்போக பரிமாறுவதில் கொஞ்சம் சேர்க்கவும் தொடங்கினாள். ஒரு நாள் அண்ணன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். விரல் முட்டியால் கட்டையை நெடுகத் தட்டிப் பார்த்ததில் ஓரிடத்தில் சத்தம் பொக்கையாகக் கேட்டது; உளுத்த பகுதியை வெட்டிப் புது மரம் சேர்க்க வேண்டியிருந்தது. அவள் டீயை வைத்துவிட்டு, "மரம் சேர்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு அவர் சொல்லிக்கிட்டிருந்தார்" என்றாள். வீட்டுக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணன் டீயைக் குடித்தார். பிறகு எழுந்து போய், சேரும் முனைகளைக் கூடுதல் சரிவாகச் சீவி, விரலால் தடவினால் எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒட்டினார். இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பல்செட் சுரண்டும் ஊசிகளால் சட்டத்தின் மூலைகளில் இருந்த பழைய பசையை எடுத்துக்கொண்டிருந்தார். "உங்க கை சுத்தம்னு அண்ணன் சொல்றார்" என்று அவரிடமும் ஒன்று போட்டுவைத்தாள். அவர் ஊசியை மாற்றி இன்னும் மெல்லியதை எடுத்தார்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பழைய வார்னிஷ் தூசியாக இருக்கலாம், பேசிப் பேசித் தேய்ந்ததாகவும் இருக்கலாம். காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசு என்றும் பேசக் கூடாது என்றார். வீட்டுக்காரர் கூடவே போயிருந்தார். அவளைவிட அவர்தான் ஆடிப்போனார். எழுதிக் காட்டலாமா டாக்டர் என்று கேட்டார். டாக்டருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவளுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பசை டப்பாவைத் திறந்து இரண்டு கையையும் வேலையில் விட்டுக்கொண்டாள்.

கூடத்தில் இரண்டு நாள் ஒரு சத்தம் இல்லை. மூன்று பேரும் ஊமையாக வேலை செய்தார்கள். அதற்குப் பிறகு சாடைப் பேச்சு ஆரம்பமானது.

"சில பேர் கிளாம்பை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கிறதில்ல" என்று அண்ணன் ஜன்னலிடம் சொன்னார்.

வீட்டுக்காரர் பசை டப்பாவைப் பார்த்து, "சில பேருக்குக் கிளாம்ப்தான் கணக்கு. அது என்னத்தைப் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு கணக்கில்ல" என்றார்.

பிறகு ஜன்னலும் பசை டப்பாவும் நெடுநேரம் பேசிக்கொள்ளவில்லை.

வேலை மட்டும் நிற்கவில்லை. குறுக்குக் கம்பிகளை முறுக்கி இறக்கையைச் சதுரத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை ஒரு கம்பியை இறுக்கி இன்னொன்றைத் தளர்த்த வேண்டும். அளவுக்கோலைப் பிடிக்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். காலையில் அவள் அண்ணனுக்குப் பிடித்தாள், மாலையில் வீட்டுக்காரருக்கு. கட்டைவிரலை மேலே காட்டினால் இறுக்கு, கீழே காட்டினால் விடு. வாய் இருந்த நாளைவிட இது சீக்கிரமாக முடிந்தது. ஒரு கோணல் இல்லாமல் இரண்டு இறக்கைகளும் நேராக நின்றன.

மிச்சம் இருந்தது நுனி. இறக்கையின் கடைசியில் வில் மாதிரி வளைந்த ஒரு சட்டம் வரும். துணி அங்கேதான் மேலிருந்து கீழே திரும்பும். இடது இறக்கையில் எலி அந்தச் சட்டத்தைப் பாதி தின்றிருந்தது. வலது இறக்கையில் சட்டம் முழுசாக இருந்தாலும், நுனி சுவரில் முட்டியபடியே வருஷக்கணக்காகத் தொங்கியதில் நசுங்கி வளைவு கெட்டிருந்தது. மெல்லிய பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும். சரியான வளைவு விமானத்தின் வரைபடத்தில் இருக்கும். வரைபடம் இறக்கையைப் பரிசோதிக்க வரப்போகிற ஆய்வாளர் அம்மாவிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் கிடைத்திருக்கும். அண்ணன் வாங்கியிருப்பார் என்று வீட்டுக்காரர் நினைத்தார். வீட்டுக்காரர் வாங்கியிருப்பார் என்று அண்ணன் நினைத்தார். வாங்கினீர்களா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்க வெளியே போனபோது, வீட்டுக்காரர் மெழுகை உருக்கிக்கொண்டு போய் வலது இறக்கையின் நுனியில் அழுத்தி அச்சு எடுத்தார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். எடுத்த பிறகு மெழுகுத் துணுக்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவள் மெஷினில் குனிந்திருந்தாள். பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த அச்சில் இடது நுனி உருவானது. அடுத்த வாரம், வீட்டுக்காரர் பல்செட் கொடுக்கப் போயிருந்த நேரம், அண்ணன் ஒரு கம்பியை எடுத்துவந்து அந்தப் புது நுனியைச் சுற்றி வளைத்து அளவெடுத்தார். தன்னுடையது நசுங்கியது என்று அவருக்குத் தெரியும். இது புதுசு, வரைபடத்தைப் பார்த்துச் செய்ததாக இருக்கும் என்று நினைத்தார். கம்பி கொஞ்சம் நழுவியது. அந்த அளவில் வலது நுனி உருவானது. அதைப் பார்த்த வீட்டுக்காரர், ஓகோ, இவர் மாற்றிவிட்டார், வரைபடம் இவரிடம்தான் இருக்கிறது என்று மறுபடி மெழுகு உருக்கினார். அதைப் பார்த்து அண்ணன் மறுபடி கம்பி எடுத்தார்.

இரண்டு பேரும் களைத்துப்போய் நிறுத்தியபோது நுனிகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாக இருந்தன.

இதில் அவளுடைய பங்கு என்னவென்றால், அவளுக்கு அப்போது குரல் வந்துவிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் யாரும் இல்லாத சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. சனியனே என்றாள். மணி மாதிரி கேட்டது. பாலைத் துடைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். சொல்லத்தான் போனாள். வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளால் முடியாது என்பது ஞாபகம் வந்து, தானே எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். அவள் அப்படியே மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதிலிருந்து அவள் தூது போய்க்கொண்டிருந்தாள். அப்பா சாப்பிட வருகிறாரா கேள் என்று அம்மா அனுப்புவாள். வருகிறேன் என்று சொல் என்று அப்பா அனுப்புவார். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. இப்போது முதல் முறையாக யாரும் அவளை எங்கேயும் அனுப்பவில்லை. மெஷின் சத்தத்தை முழுசாகக் கேட்டாள். தான் தைக்கும்போது தலையை ஆட்டுகிற பழக்கம் தனக்கு இருப்பது இந்த வயதில் தெரிந்தது. நுனி விஷயத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுகிற பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த நாளை வரவில்லை, ஆய்வாளர் அம்மா வந்துவிட்டாள்.

துணி போர்த்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மூடுவதற்கு முன் ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஆய்வாளர் அம்மா அதிகம் பேசாத ஆள். குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள். ஒரு சட்டத்தை விடவில்லை. மரம் சேர்த்த இடத்தில் விரலை ஓட்டினாள். கம்பிகளைச் சுண்டிப் பார்த்தாள். துணி உராயாமல் இருக்கச் சட்டங்களின் விளிம்பில் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது வரவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு ஓரத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

கடைசியாக, வரைபடத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்திருந்த அட்டையை இடது நுனியில் வைத்தாள். பிறகு வலது நுனியில் வைத்தாள். மறுபடி இடதில் வைத்தாள். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் அவளுடைய ஒரு விரல் போனது.

"ரெண்டும் தப்பு" என்றாள். "தப்பு வர்றது சகஜம். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருக்கு. இது எப்படி?"

வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துதான் அளவெடுத்தேன் என்றார். அண்ணன் தரையைப் பார்த்து, நான் இந்தப் பக்கத்தைப் பார்த்து எடுத்தேன் என்றார்.

ஆய்வாளர் அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?"

"மாட்டாங்க" என்றாள் தார்ப்பாய் அக்கா.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"உனக்குப் பேச்சு வந்துடுச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"வந்து நாளாச்சு."

"எப்போ?"

"பால் பொங்கின அன்னைக்கு."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "பார்த்தீங்களா மாப்ள, வாயை வச்சுக்கிட்டே நம்மளை இப்படி அலையவிட்டிருக்கா."

"அதான் மச்சான். நான் தினமும் வெந்நீர் வச்சுக் கொடுத்தேன்."

இரண்டு பேரும் வெட்டும் மேசையின் ஒரே பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதை அவர்களே கவனிக்கவில்லை. ஆய்வாளர் அம்மா அட்டையை அவர்களிடம் கொடுத்து, நுனியைச் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கடைசி வார்த்தையைத் தார்ப்பாய் அக்காவைத் தவிர யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்று மதியம் மேசையில் அவளோடு யாரும் பேசவில்லை. "மச்சான், சாப்பாடு போதும்னு சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர். "போதுமாம்" என்றார் அண்ணன். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. நான் கொண்டுவந்து கொடுத்த வார்த்தையில பாதி நீங்க சொன்னதே இல்ல. அண்ணே, மரம் சேர்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு இவர் ஒரு நாளும் சொல்லல. உங்க கை சுத்தம்னு அண்ணன் சொல்லவே இல்லைங்க. நீங்க ரெண்டு பேரும் அனுப்பினதை அப்படியே கொடுத்திருந்தா இன்னைக்கு இந்த மேசையில ரெண்டு பேர் இருக்க மாட்டீங்க. நானா இட்டுக்கட்டிச் சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன வேணுமோ நீங்களே சொல்லிக்கங்க. திட்டறதா இருந்தாலும் நேராத் திட்டிக்கங்க."

சொல்லி முடித்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். கோபமா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இவ்வளவு நீளமாக அவள் சொந்தமாகப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. அந்தப் பாராட்டை அவர் மனதுக்குள் பலமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். கொஞ்ச நேரம் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

அண்ணன் கைகழுவ எழுந்தார். கழுவிவிட்டு மேசைக்குத் திரும்பாமல் நேரே கூடத்துக்குப் போனார். அவளும் வீட்டுக்காரரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அண்ணன் இடது இறக்கைக்குப் போய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எலிக்கூடு இருந்த மூலைகளில் குனிந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு மூட்டிலும் விரலை விட்டுப் பார்த்தார். கத்தி பட்ட அன்றிலிருந்து அந்த இறக்கையை அவர் வெளிப்படையாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"கை சுத்தம்தான்" என்றார். யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ஜன்னலுக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் வலது இறக்கைப் பக்கம் போனார். மரம் சேர்த்த இடத்தைத் தேடினார். அவருக்கு அது கிடைக்கவில்லை. "எங்க மச்சான் சேர்த்தீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. அண்ணன் வந்து காட்டினார். காட்டிய பிறகும் வீட்டுக்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு என்று எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்பதையே அண்ணன் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் பேச்சும் வரத்தான் செய்தது. அன்றைக்கு எந்த ஸ்விட்ச் தேய்ந்திருந்தது என்று அண்ணன் விளக்கினார். வீட்டுக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு கனமாக இருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் அண்ணன். மன்னிப்பு மாதிரி எதுவும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் கணக்கைச் சொல்லிக்கொண்டார்கள்.

புது நுனிகளை ஒரே அச்சில் செய்தார்கள். அட்டையை வைத்து அச்சை வெட்டியது வீட்டுக்காரர், பட்டைகளை வளைத்தது அண்ணன். ஒட்டும்போது வாய்ச்சண்டை வந்தது. பசை அதிகம் என்றார் ஒருவர், இது அதிகம் என்றால் உங்களுக்குப் பல்செட் பசைதான் தெரியும் என்றார் இன்னொருவர். அவள் மெஷினை நிறுத்தவில்லை. சண்டை அதுபாட்டுக்கு நடந்து முடிந்தது. அவளைத் தேடி யாரும் வரவில்லை. அதில் ஒரு கணம் சுருக்கென்று இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்று விட்ட வேலையாக இருந்தாலும், தான் இல்லாமல் அது நடப்பதைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அப்புறம் தையலில் கவனம் போய்விட்டது.

ஆய்வாளர் அம்மா மறுபடி வந்தாள். அட்டையை வைத்தாள். விரல் போகவில்லை, ஒரு தாள்கூடப் போகவில்லை. மூடலாம் என்றாள். போகும்போது தார்ப்பாய் அக்காவைப் பார்த்து, உங்களுக்குத் தொண்டை இப்போ பரவாயில்லையா என்று விசாரித்தாள். இந்த விஷயம் அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. இரண்டு பேருமே தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் புதுத்துணியைப் பிரித்தாள். எந்த இறக்கைக்கு முதலில் போர்த்துவது என்று மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு வந்தது. வலதுதான் முதலில், அதுதான் பெரிய பழுது பார்த்தது, சீக்கிரம் மூடினால் நல்லது என்றார் அண்ணன். பழுது பார்த்ததைக் கடைசிவரை திறந்துவைத்துக் காயவிடுவதுதான் முறை என்றார் வீட்டுக்காரர். பழக்க தோஷத்தில் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்தாள். கையால் தெரியாது என்று காட்டினாள்.

அவர்கள் வெளியே போய் நின்று டீ குடித்தபடி பேசினார்கள். காற்றில் ஈரம் எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம் விழும், பசை எத்தனை நாளில் இறுகும் என்று எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு, குரலை உயர்த்தி, இறக்கி, கடைசியில் ஒரு வழியாக வலதுதான் முதலில் என்று ஒத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அதற்குள் இடது இறக்கையில் பாதிக்கு மேல் துணி ஏறியிருந்தது.